நட்சத்திரத்தின் முகமும் நமது கல்லாவும்

கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே விளையாட்டுப் பொருள் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள் பஜாருக்குள் வந்துவிடுகிறார்கள். கையில் ஒரு பை, பைக்குள் விலைப்பட்டியல், அதோடு சுருட்டி வைத்த ஒரு போஸ்டர். போஸ்டரை விரித்தால் நாடறிந்த ஆட்டக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். "இந்த வருஷம் இவர்தான் அண்ணாச்சி. டி.வி.யில் தினம் பத்துத் தடவை வருவார். நீங்க சரக்கை மட்டும் இறக்கிவையுங்க, அதுவே ஓடிடும்" என்பார் பிரதிநிதி. விலையைப் பார்த்தால் போன வருடத்தைவிட ஏறியிருக்கும். கழிவைப் பார்த்தால் குறைந்திருக்கும். ஏன் என்று கேட்டால் அவர் விரல் போஸ்டரைக் காட்டும்.

விளையாட்டுச் சாமான், ஷூ, மலையேற்றப் பொருள்கள் விற்கும் நமது உறுப்பினர்கள் பலர் சென்ற மாதக் கூட்டத்தில் இதைப் பற்றித்தான் பேசினார்கள். "படம் இல்லாவிட்டால் பையன் கடைக்குள்ளேயே வரமாட்டேன் என்கிறான்" என்றார் ஒருவர். "வருகிறான் சரி, வந்து பக்கத்தில் இருக்கும் வேறு சரக்கைத்தானே வாங்கிப் போகிறான்" என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் உண்மை. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் நஷ்டம் நம்முடையது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தோம்.

நட்சத்திர விளம்பரம் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அமெரிக்காவில் நடந்தது நம்மைப் பார்த்துச் சிரிக்கும். 1984-ல் நைக்கி கம்பெனி, மைக்கேல் ஜோர்டன் என்ற இளம் கூடைப்பந்து ஆட்டக்காரரை வருடத்துக்கு 5 லட்சம் டாலர் வீதம் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் செய்தது. அப்போது அவர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு பருவம்கூட ஆடி முடித்திருக்கவில்லை. மறு வருடம் அவர் பெயரில் ஷூ சந்தைக்கு வந்தது. சில வருடங்களில் 30 லட்சம் டாலருக்கு விற்றால் போதும் என்று கம்பெனி எதிர்பார்த்திருந்தது. முதல் வருடமே 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றது. அவர் ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருடமாகியும் அந்த ஷூ இன்றும் விற்கிறது. முதலீட்டுக்கு இப்படி ஒரு வருமானம் எந்தத் தொழிலில் உண்டு?

அந்த ஷூவை வாங்கியவர்களில் எத்தனை பேர் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் என்று பார்க்க வேண்டும். மிகச் சிலரே. மற்றவர்கள் தெருவில் நடக்கவும் கல்லூரிக்குப் போகவும் வாங்கினார்கள். அணிந்துகொண்டு பிறர் பார்க்கும்படி நடக்கிற பொருளுக்கு முகம் உதவும். சட்டை, தொப்பி, ஷூ, முதுகுப்பை எல்லாம் இந்த வகை. கையில் பிடித்து ஆடிப் பார்க்கிற பொருளின் கதை வேறு.

அதற்கும் நைக்கியே சாட்சி. டைகர் உட்ஸைவிடப் பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர் நம் காலத்தில் இல்லை. 2000-ல் அவர் நைக்கி பந்துக்கு மாறினார், பிறகு நைக்கி மட்டைகளுக்கும் மாறினார். பந்து விற்பனையில் அவரால் அமெரிக்காவில் மட்டும் பத்து வருடத்தில் 10 கோடி டாலருக்கு மேல் கூடுதல் லாபம் வந்ததாகக் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்படியிருந்தும் 2016 ஆகஸ்டில் நைக்கி, கோல்ஃப் மட்டை, பந்து, பை மூன்றையும் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. ஷூவையும் உடையையும் மட்டும் வைத்துக்கொண்டது. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரைக் கையில் வைத்திருந்த கம்பெனியே அந்தச் சாமானை விட்டு வெளியே வந்துவிட்டது. கோல்ஃப் ஆடுகிறவன் மட்டையைக் கையில் எடுத்து நாலு அடி அடித்துப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறான். போஸ்டர் அவனை அதுவரைக்கும் கூட்டிவரும், அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். நமக்குக் கோல்ஃப் வேண்டாம், கிரிக்கெட் பேட் போதும்.

1996 உலகக் கோப்பைப் போட்டி தொடங்கியபோது சச்சின் டெண்டுல்கரின் பேட்டில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. அந்தப் போட்டியில் 523 ரன் எடுத்து எல்லோரையும்விட முன்னால் நின்றவர் அவர். பிறகு அந்த பேட்டில் எம்.ஆர்.எஃப். என்ற மூன்று சிவப்பு எழுத்துகள் ஏறின. எம்.ஆர்.எஃப். பேட் செய்து பெயர் வாங்கிய கம்பெனி அல்ல. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கி, டயரில் பெயர் பெற்ற கம்பெனி. லாரிக்காரரும் டிராக்டர்காரரும் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒட்டிய பெயர் அது. ஆனால் அடுத்த சில வருடங்களில் நமது கடைகளில் நடந்தது நினைவிருக்கும். பையன்கள் வந்து "எம்.ஆர்.எஃப். பேட் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றால் ஸ்டிக்கரையாவது கேட்டார்கள். பள்ளிக்கூட வாசல் ஸ்டேஷனரி கடைகளில் அந்த ஸ்டிக்கர் தனியாக விற்றது. தச்சரிடம் கொடுத்து அறுத்த வேப்பமரக் கட்டையிலும் அதை ஒட்டி ஆடினார்கள். லாராவும் ஸ்டீவ் வாவும்கூட அதே பெயரை ஏந்தினார்கள். டயர் கம்பெனிக்கு அது நல்ல முதலீடு, அதில் சந்தேகமில்லை. டயர் விற்கிறதா என்பதுதான் அவர்கள் கணக்கு.

நமது கணக்கு அது அல்லவே. மரத்தைத் தேர்ந்து, காயவைத்து, அழுத்தி, செதுக்கி, கைப்பிடி பொருத்தித் தருபவர்கள் மீரட்டிலும் ஜலந்தரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பழைய குடும்பங்கள் 1947-க்கு முன்பு சியால்கோட்டில் தொழில் செய்தவர்கள். பிரிவினையின்போது பட்டறையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள். அப்படி வந்த ஒரு கம்பெனிதான் எஸ்.ஜி. அந்த இரண்டு எழுத்தும் சுனில் கவாஸ்கரைக் குறிக்கிறது என்று நம்மில் பாதிப் பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சான்ஸ்பரேல்ஸ் கிரீன்லாண்ட்ஸ் என்பதன் சுருக்கம். கவாஸ்கர் அந்த பேட்டை எடுத்து ஆடியதும், முதலெழுத்துகள் பொருந்திவந்ததும் அவர்களுக்கு அமைந்த அதிர்ஷ்டம். அந்தப் பொருத்தம் ஒரு தலைமுறை விற்றுக்கொடுத்தது. அதற்குப் பிறகும் எஸ்.ஜி. நிற்கிறது என்றால், இந்தியாவில் நடக்கும் டெஸ்ட் போட்டிகளில் அவர்களுடைய பந்து உருளுகிறது. பந்தின் தையல் சரியாக இருப்பதால் உருளுகிறது.

நட்சத்திரம் கையில் வைத்திருக்கும் பேட்டும் அவர் பெயரில் நம் கடையில் தொங்கும் பேட்டும் ஒன்றல்ல என்பதைத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அறிவோம். அவருடையது இங்கிலீஷ் வில்லோ மரத்தில், நூறு கட்டையில் ஒன்றாகப் பொறுக்கி எடுத்து, அவர் கைக்கும் உயரத்துக்கும் எடைக்கும் என்றே செதுக்கியது. நம்மிடம் வருவது பெரும்பாலும் காஷ்மீர் வில்லோ. காஷ்மீர் வில்லோவில் தவறு ஒன்றும் இல்லை, பையன்களுக்கு அது போதும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் ஸ்டிக்கருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு மரத்துக்குப் போவதில்லை. அது விளம்பரச் செலவுக்குப் போகிறது. வாங்குகிற தகப்பனாருக்கு இது தெரியாது. விற்கிற நமக்குத் தெரியும்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு மட்டுமே சொல்கிறோம், அவரவர் கடைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம். நட்சத்திரப் படம் போட்ட ஷூ ஒரு ஜோடி 1,800 ரூபாய்க்கு வாங்கி 2,100 ரூபாய்க்கு விற்கிறோம். படம் இல்லாத நல்ல ஷூ ஒரு ஜோடி 700-க்கு வாங்கி 950-க்கு விற்கிறோம். 18,000 ரூபாய் போட்டால் முதலாவதில் பத்து ஜோடி, லாபம் 3,000. ஏறக்குறைய அதே பணத்தில் இரண்டாவதில் இருபத்தைந்து ஜோடி, லாபம் 6,250. இருபத்தைந்து ஜோடி விற்கக் கூடுதல் நாள் ஆகும் என்பது சரிதான். ஆனால் முதலாவது ரொக்கம், இரண்டாவதுக்கு மொத்த வியாபாரி நாற்பத்தைந்து நாள் கடன் தருகிறார். முதலாவதில் சைஸ் தங்கிவிட்டால் திருப்பி எடுப்பதில்லை. இரண்டாவதில் மாற்றிக்கொடுக்கிறார். கல்லாவை வைத்துப் பார்த்தால் எது பெரிய நட்சத்திரம் என்று புரியும்.

சரக்கு தங்குவது என்ற சொல்லை எழுதும்போதே 2007 நினைவுக்கு வருகிறது. அந்த வருடம் மார்ச் மாதம் மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பை நடந்தது. இந்திய அணியின் முகங்கள் இல்லாத விளம்பரமே இல்லை. நமது பஜாரில் நீலச் சட்டையும் தொப்பியும் படம் போட்ட பையும் மூட்டை மூட்டையாக இறங்கின. முதலில் வங்காளதேசத்திடம் தோல்வி, அடுத்த சில நாளில் இலங்கையிடம் தோல்வி, முதல் சுற்றோடு அணி ஊர் திரும்பிவிட்டது. கம்பெனிகள் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டன. நம்மால் சரக்கை நிறுத்த முடியவில்லை, அது ஏற்கெனவே அலமாரியில் இருந்தது. நமது உறுப்பினர் ஒருவர் அன்று வாங்கிய படம் போட்ட பைகளை அடுத்த வருடப் பள்ளித் திறப்பில் கொள்முதல் விலைக்கும் கீழே தள்ளிவிட்டார். விநியோகஸ்தரிடம் கேட்டதற்கு, "ஆட்டத்துக்கு நாங்க பொறுப்பா சார்?" என்று பதில் வந்ததாம். நியாயமான பதில்தான். ஆனால் அந்த ஆட்டத்தைக் காட்டித்தானே சரக்கை இறக்கினார்கள்?

ஆட்டம் தோற்பதாவது ஒரு பருவத்து நஷ்டம். ஆளே கவிழ்ந்துவிட்டால்? 2012 அக்டோபரில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற சைக்கிள் வீரர் ஊக்கமருந்து உட்கொண்டது அம்பலமாகி நைக்கி, சைக்கிள் கம்பெனியான ட்ரெக், ஹெல்மெட் கம்பெனியான ஜைரோ எல்லாம் அவரோடு உறவை முறித்துக்கொண்டன. ஒரு வாரத்துக்கு முன்புவரை அவர் பெயரே பெரிய மூலதனமாக இருந்தது. குற்றமே செய்யாவிட்டாலும் ஆட்டக்காரர் கம்பெனி மாறுவார். பி.வி. சிந்து யோனெக்ஸ் ராக்கெட்டை விட்டு 2019-ல் லி நிங் கம்பெனிக்கு மாறினார். நாலு வருடத்துக்கு ஏறக்குறைய 50 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. விராட் கோலி 2017-ல் பூமாவோடு எட்டு வருட ஒப்பந்தம் போட்டார். 110 கோடி என்று சொல்லப்பட்டது. 2025-ல் அது முடிந்து அவர் அஜிலிட்டாஸ் என்ற புதிய கம்பெனியோடு சேர்ந்துகொண்டார். அவர்கள் மாறுவது அவர்கள் உரிமை. ஆனால் பழைய கம்பெனியின் பெயரோடு அவர் படம் ஒட்டிய பெட்டி நம் பரணில் இருந்தால் அதை என்ன செய்வது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

நட்சத்திரங்களுக்கே பாக்கி வசூலாகாத கதையும் உண்டு. தன் பெயரையும் படத்தையும் பயன்படுத்தியதற்கான பணம் வரவில்லை என்று 2019-ல் ஆஸ்திரேலியாவின் ஸ்பார்ட்டன் என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனிமீது சச்சின் வழக்குப் போட வேண்டிவந்தது. மறு வருடம் கம்பெனி வருத்தம் தெரிவித்து, விவகாரம் சமரசமாக முடிந்தது. சச்சினுக்கே பாக்கி நிற்கும் தொழிலில் நமது சில்லறை பாக்கிக்கு நாம் அதிகம் மனம் வருந்த வேண்டியதில்லை போலும்!

இதுவரை சொன்னது பணம். உயிர் சம்பந்தப்பட்ட பொருள்களுக்குப் போனால் விளையாட்டுப் பேச்சு கூடாது.

2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஃபிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு, இரண்டு நாளில் இறந்துபோனார். ஹெல்மெட் அணிந்துதான் ஆடிக்கொண்டிருந்தார். பந்து பட்டது ஹெல்மெட் மறைக்காத இடத்தில். அதன் பிறகுதான் ஹெல்மெட்டின் பின்பக்கம் கழுத்தை மறைக்கும் தடுப்பு பரவலாக வந்தது. இன்று நம் கடைக்கு ஒரு தாய் பன்னிரண்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து ஹெல்மெட் கேட்டால் நாம் காட்ட வேண்டியது என்ன? கம்பிக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் இடையே பந்து நுழையும் அளவு சந்து இருக்கிறதா, கழுத்துத் தடுப்பு உண்டா, உள்ளே தர முத்திரை இருக்கிறதா, பையன் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடுகிறதா என்பதை. யார் கையெழுத்து அதன்மேல் அச்சிட்டிருக்கிறது என்பது அந்தத் தாய்க்கு ஒரு பைசா பயன் தராது. ஆனால் பையனின் கண் முதலில் கையெழுத்தின்மேல்தான் போகும். அங்கேதான் கடைக்காரர் வாயைத் திறக்க வேண்டும்.

மலையேற்றப் பொருளும் இப்படியே. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்துவிட்ட பிறகு, முன்பு மழைக்கோட்டு மட்டும் விற்ற கடைகளில்கூட மலையேற்ற ஷூவும் கூடாரமும் கேட்டு ஆள் வருகிறார்கள். டிஸ்கவரி சானலில் காட்டுக்குள் அலையும் பேர் கிரில்ஸை இங்கே எல்லோருக்கும் தெரியும். 2020-ல் ரஜினிகாந்த் அவரோடு பந்திப்பூர் காட்டில் நடந்த பிறகு தெரியாதவர்களும் தெரிந்துகொண்டார்கள். அவர் பெயரில் கெர்பர் கம்பெனி 2010 முதல் கத்தியும் இன்னபிறவும் விற்றது. கத்தி ஒன்று சரியில்லை என்றால் வேறு கத்தி வாங்கிக்கொள்ளலாம். பாறை ஏறும் கயிறும் கொக்கியும் அப்படி அல்ல. கொக்கியின் முதுகில் அது எத்தனை கிலோநியூட்டன் தாங்கும் என்று பொறித்திருக்கும். கயிற்றின் நுனியில் தர எண் இருக்கும். அவை இல்லாத சரக்கை எவ்வளவு பெரிய வீரர் பிடித்துக்கொண்டு தொங்கினாலும் நாம் வாங்கி வைக்கக் கூடாது. சாவிக்கொத்து மாட்டும் கொக்கியையும் பாறை ஏறும் கொக்கியையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கும் கடைகளை நாமே பார்த்திருக்கிறோம். தயவுசெய்து இன்றே பிரித்து வையுங்கள்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கு மட்டுமல்ல, அதில் தோன்றிப் பரிந்துரைக்கும் பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகும். ஒரு வருடத்துக்கு வேறு எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம். சொல்வது உண்மைதானா என்று முறையாக விசாரித்த பிறகே தோன்றியதாக நிரூபித்தால் அவர் தப்பலாம். நமக்கு முக்கியமான பிரிவு வேறு. தயாரிப்பாளர் தராத ஓர் உத்தரவாதத்தை விற்பவர் தாமாக வாய்விட்டுக் கொடுத்து, பொருள் அப்படி இல்லாமல் வாங்கியவருக்குத் தீங்கு வந்தால் விற்பவரும் பொறுப்பு. "இந்த ஹெல்மெட்தான் அவர் போட்டு ஆடுறது, ஒண்ணும் ஆகாது, எடுத்துட்டுப் போங்க" என்று கவுண்டரில் சொல்வது வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வழக்காடு மன்றத்தில் அது வேறு மாதிரி ஒலிக்கும். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

முகமே இல்லாமல் வியாபாரம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் உண்டு. அது நமக்கு உவப்பான உதாரணம் அல்ல. டெகாத்லான் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2009-ல் பெங்களூரில் கடை திறந்து, இன்று நம் மாவட்டத் தலைநகர்கள்வரை வந்து நமது வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு போகிறது. அவர்கள் கிரிக்கெட் நட்சத்திரம் யாரையும் தோளில் தூக்கிக்கொண்டு இங்கே வளரவில்லை. தங்கள் தயாரிப்பையே விற்கிறார்கள். விலையைத் தெளிவாக எழுதி வைக்கிறார்கள். பந்தை எடுத்துத் தட்டிப் பார்க்கவும் சைக்கிளை ஓட்டிப் பார்க்கவும் விடுகிறார்கள். அவர்களிடம் இருக்கும் இடமும் மூலதனமும் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் பெட்டியைப் பிரித்துக் காட்டவும், தொட்டுப் பார்க்க விடவும் மூலதனம் தேவையில்லை. நம்மில் எத்தனை பேர் பேட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே விடமாட்டோம்?

நமக்கு இருப்பது வேறொரு பலம். அதையும் அமெரிக்காக்காரர் ஒருவர்தான் நூறு வருடத்துக்கு முன்பே செய்து காட்டினார். கான்வர்ஸ் கம்பெனியின் துணி ஷூவில் சக் டெய்லர் என்ற கையெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அவரும் கூடைப்பந்து ஆடியவர்தான், ஆனால் ஜோர்டனைப் போல உலகப் புகழ் ஆட்டக்காரர் அல்ல. 1920-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனியில் சேர்ந்த விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகக் காரில் போவார். அங்கே பள்ளிக்கூடப் பயிற்சியாளரைப் பார்ப்பார். பிள்ளைகளைச் சேர்த்து ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். ஷூ எப்படி இருந்தால் நல்லது என்று அவர்களையே கேட்டுக்கொள்வார். இப்படிப் பல வருடம் செய்த பிறகு 1930-களில் கம்பெனி அவர் பெயரை ஷூவில் பொறித்தது. முகத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை அல்ல அது. பழக்கத்தில் வந்த நம்பிக்கை.

நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர் யார்? பி.டி. மாஸ்டர். ஒரு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் "இந்த சைஸ் பேட், இந்த எடை, இந்தக் கடையில் வாங்கு" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், அதைக் கொண்டுவரும் தகப்பனார் பேரம்கூடப் பேசுவதில்லை. அவரை நாம் எப்படி நடத்துகிறோம்? டெண்டர் நேரத்தில் மட்டும் போய்ப் பார்க்கிறோம், தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பு அனுப்புகிறோம். கமிஷன் கொடுத்து அவர் வாயைக் கெடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அதை நாம் ஆதரிக்கவில்லை. கமிஷன் வாங்கிய மாஸ்டரின் சொல் இரண்டே வருடத்தில் மதிப்பிழந்துவிடும், நமக்கும் அவருக்கும் அதனால் கேடுதான். அதற்குப் பதில் புதுச் சரக்கு வந்தால் முதலில் அவரிடம் கொடுத்து ஒரு வாரம் பையன்களை ஆடவிட்டு, குறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உடைந்தால் நம் கணக்கில் போகட்டும். பேட் வாங்கிய பையனுக்கு எண்ணெய் தேய்த்து, மரச்சுத்தியால் தட்டிப் பழக்கும் முறையைக் கடை வாசலிலேயே சொல்லிக்கொடுக்கலாம். அந்தப் பையன் அடுத்த பேட்டுக்கு வேறு கடைக்குப் போகமாட்டான்.

மாவட்ட அணிக்கு ஆடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜன் 2020-ல் இந்திய அணிக்குப் பந்து வீசினார். அப்படி ஒருவர் எந்த ஊரில் வளர்ந்துகொண்டிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? ஒரு ஜோடி ஷூவை அடக்கவிலைக்குக் கொடுத்து உதவினால் குடிமுழுகிப் போகாது.

இந்த இடத்தில் தோனியைச் சொல்லாமல் விட முடியாது. 2019 உலகக் கோப்பையில் அவர் பேட்டில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு பெயர் தெரிந்தது. ஆரம்ப காலத்தில் தனக்குக் கைகொடுத்த பேட் கம்பெனிகளின் பெயர்களைப் பணம் வாங்காமல் நன்றிக்காக ஒட்டிக்கொண்டார் என்று அவரது மேலாளர் தெரிவித்தார். 2024 தொடக்கத்தில் பயிற்சி ஆட்டத்தில் அவர் பேட்டில் 'பிரைம் ஸ்போர்ட்ஸ்' என்று இருந்தது. அது பெரிய கம்பெனி அல்ல. ராஞ்சியில் அவரது பால்ய நண்பர் நடத்தும் விளையாட்டுச் சாமான் கடை. அவருக்கு முதன்முதலில் பேட் கிடைக்க அலைந்தவர் அந்த நண்பர்தான். கோடி கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் ஒரு சில்லறைக் கடைக்குக் கிடைத்தது. செய்தித்தாள் எல்லாம் அந்தக் கடையின் பெயரை எழுதின. நம் வகுப்பைச் சேர்ந்த ஒரு கடை அது என்பதில் நமக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

போஸ்டரைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. வாசலில் ஒட்டுங்கள், பையன்கள் உள்ளே வரட்டும். கம்பெனி தன் செலவில் அச்சிட்டுத் தரும் படத்தால் நமக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் வருவது படத்தை நம்பிச் சரக்கைக் குவிப்பதால். அணியும் பொருளில் படம் போட்டதை அளவோடு வையுங்கள், அதிகம் ஓடும் இரண்டு மூன்று சைஸ் மட்டும். பெரிய போட்டி தொடங்குவதற்கு முன்பே பாதியாவது விற்றுத் தீரும் அளவுக்கு வாங்குங்கள். பேட், ராக்கெட், கையுறையில் படத்தைப் பார்க்காதீர்கள், மரத்தையும் தையலையும் பாருங்கள். ஹெல்மெட்டிலும் கயிற்றிலும் முத்திரையை மட்டும் பாருங்கள்.

விநியோகஸ்தர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பிரபலத்தின் பெயரோ படமோ போட்ட சரக்குக்கு, அந்த ஒப்பந்தம் முடிந்தாலோ, அவர் கம்பெனி மாறினாலோ, விற்காமல் தங்கியதை எத்தனை நாளுக்குள் எந்த விலைக்குத் திருப்பி எடுப்பார்கள் என்று எழுத்தில் தர வேண்டும். தனிக் கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்கள், சங்கமாகக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இப்படித் தங்கிப்போன சரக்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள் கம்பெனி, சரக்கு, எண்ணிக்கை, பில் தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்பு சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடவும். பில் நகல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கட்டும்.